நூலகத்துக்குள் ஓவியக் கண்காட்சி: கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகங்களில் கண்காட்சி அமைப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. நூலகர்கள், மாணவர்கள், ஓவியர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அருங்காட்சியகம் இருக்கும்போது நூலகத்தில் எதற்குக் கண்காட்சி? (முதுகலை மாணவி, திருச்சி)

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் பார்க்கவேண்டும் என்றே கிளம்பிப் போகிறார். நூலகத்துக்கு வருகிறவர் தேர்வுக்குப் படிக்க வருகிறார். போகிற வழியில் ஒரு படம் அவரை நிறுத்திவிட்டால், அதைப் பற்றிய புத்தகம் பத்தடி தூரத்து அலமாரியில் இருக்கிறது. இந்த வசதி வேறெங்கும் கிடையாது.

எங்கள் வாசிப்பறையில் பெரிய சன்னல்கள், நல்ல வெளிச்சம். அங்கேயே நீர்வண்ணப் படங்களை மாட்டலாமா? (கல்லூரி நூலகர், மதுரை)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஒரு கல்லூரியில் மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே நீர்வண்ணப் படங்களை மாட்டியிருந்தார்கள். ஒரு கோடை முழுவதும் அங்கேயே இருந்தன. இறக்கிய அன்று சட்டத்தைக் கழற்றி அட்டையைத் தூக்கினேன். அட்டை மூடியிருந்த ஓரத்தில் விரல் அகலத்துக்குச் செம்பருத்திச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளிறிய ரோஜா நிறம். அந்தச் சிவப்பை இனி யாராலும் மீட்க முடியாது.

ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். தாள், நீர்வண்ணம், கையெழுத்துப்படி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது நடைமுறை. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். கோடை வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும் என்பதை நினைத்துக்கொண்டால், சன்னல் ஏன் ஆபத்து என்று புரியும். ஒளி தரும் சேதம் கூடிக்கொண்டே போகும்; கழிக்க வழியில்லை. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 90 நாள் வைத்தால் 36,000 லக்ஸ் மணி. அதே படத்தை 200 லக்ஸில் வைத்தால் இந்தக் கணக்கு 22, 23 நாளிலேயே தீர்ந்துவிடும். படத்தின் ஆயுளைச் செலவழித்துத்தான் அதைக் காட்டுகிறோம்.

அப்படியானால் நூலகம் இருட்டாகத்தான் இருக்கவேண்டுமா? (அதே நூலகர்)

அமெரிக்காவில், நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கி அரிய நூலகம் இருக்கிறது. கோர்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது, 1963இல் திறந்தார்கள். மேலே சன்னல்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 3 செ.மீ. தடிமனுள்ள சலவைக்கல் பலகைகள். வெளியே நின்று பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே போனால், வெயில் கல்லுக்குள் ஊறித் தேன் நிறத்தில் கசிகிறது. கல்லின் நரம்புகள் தெரிகின்றன. நடுவே ஆறு அடுக்குக் கண்ணாடிக் கோபுரத்துக்குள் புத்தகங்கள். சுற்றியுள்ள மாடியில் கண்காட்சிப் பேழைகள். அனுமதி இலவசம். வெயிலை வடிகட்டும் வேலையைச் சுவரே செய்துவிடுகிறது. நம்மிடம் அந்தக் கல் இல்லாவிட்டால் கனமான திரையும், சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் பேழையும் போதும்.

புத்தகத்தை விரித்து வைத்தால் இரண்டு பக்கம்தானே தெரியும்? (ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்)

உண்மைதான். அதற்கு மருந்து பக்கம் திருப்புவது. ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகளின் படத்தொகுப்பு பெய்னெக்கியில் பார்வைக்கு இருக்கிறது. அவ்வப்போது தாளைத் திருப்புகிறார்கள். கையால் வண்ணமிட்ட 435 படங்கள். தாளின் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர், ஏனென்றால் ஒவ்வொரு பறவையையும் அதன் உண்மை அளவில் வரைந்தே தீருவேன் என்று நின்றார் அவர். பூநாரைக்கு அந்தத் தாளும் போதவில்லை. அதனால் அது கழுத்தை வளைத்துத் தலையைத் தரைக்குத் தாழ்த்தி நிற்கிறது. பார்த்தால் நீருக்குள் இரை தேடுகிறது என்றே தோன்றும்! தாளின் எல்லைதான் அந்த அழகைத் தந்தது என்று தெரிந்தபிறகு, எனக்கு அந்தப் படம் இன்னும் பிடித்துப்போனது.

சர்ச்சையான படத்தை நூலகத்தில் வைக்கலாமா? (உதவிப் பேராசிரியர், சென்னை)

வைக்கலாம், துணிவு இருந்தால். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியின் பேக்கர் நூலகத்தில் மெக்சிக ஓவியர் ஹோசே கிளமெந்தே ஓரோஸ்கோ 1932 முதல் 1934 வரை அமெரிக்கக் கண்டத்தின் நாகரிகக் கதையைச் சுவரோவியமாக வரைந்தார். அதில் ஒரு காட்சி: புத்தகக் குவியல்மேல் படுத்து ஓர் எலும்புக்கூடு பிள்ளை பெறுகிறது, பட்டமளிப்பு அங்கி அணிந்த எலும்புக்கூடுகள் சூழ நிற்கின்றன. உயிரற்ற கல்வியைக் கல்லூரியின் சுவரிலேயே குற்றஞ்சாட்டியிருக்கிறார். எதிர்ப்பு வந்தது, கல்லூரி அழிக்கவில்லை. அந்த அறையில்தான் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மேசை போட்டுப் படித்தார்கள். 2013இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஓலைச்சுவடிகளைக் காட்சிக்கு வைக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்? (ஆய்வு மாணவர், தஞ்சாவூர்)

கயிற்றை இறுக்காதீர்கள். முதலில் கிழிவது துளையைச் சுற்றித்தான். விசிறிபோல விரித்து வைப்பது பார்க்க அழகு, ஓலைக்குக் கேடு. ஓலைகளைச் சமமாகக் கிடத்தி, அடியில் முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுங்கள். எழுத்தாணிக் கீறலில் மை மங்கியிருந்தால் வெளிச்சத்தைக் கூட்டவேண்டாம். மங்கிய விளக்கையே பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும்.

பார்வையாளர் படம் எடுக்கலாமா? (பலர்)

எடுக்கலாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், பக்கத்தில் படிக்கிறவருக்காகவும்.

எங்களிடம் பணமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (பல்கலைக்கழக நூலக உதவியாளர், திருநெல்வேலி)

பூட்டக்கூடிய ஒரு கண்ணாடிப் பேழை, ஒரு படம், ஒரு புத்தகம். குறிப்பட்டையில் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். நின்றுகொண்டு அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. கடைசி வரியில் அந்தப் பொருளைப் பற்றிய வேறொரு நூலின் அலமாரி எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மாதம் முடிந்ததும் அந்த நூலை எத்தனை பேர் எடுத்துப் போனார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். அடுத்த கண்காட்சிக்கு அனுமதி கேட்கப் போகும்போது அந்தப் பக்கத்தையே எடுத்துச் செல்லுங்கள்.