புது ஹெவி லைசென்ஸ்: எந்த வண்டியில் ஏறலாம்?

கேள்வி: ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர், சம்பளமும் பேட்டாவும். இரண்டாவது, வடக்கே நாக்பூர் வரை போகும் 10 வீல் லைன் வண்டி. வாடகையில் சதவீதம், டீசல் கணக்கு என் பொறுப்பு. மூன்றாவது, மதுரை–சென்னை பார்சல் வண்டி. இரண்டு டிரைவர், மாதச் சம்பளம், காசு குறைவு. எதில் சேரலாம்?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: பார்சல் வண்டியில் ஏறுங்கள். குறைந்தது ஒரு வருஷம்.

காசு அதிகம் என்று லைன் வண்டிதான் உங்களை இழுக்கும். அதன் கணக்கைப் பாருங்கள். சதவீதம் என்றால் எதில் சதவீதம்? புக்கிங் ஆபீஸ் கமிஷன் பிடிக்கும் முன்பா, பிடித்த பிறகா? டோல், ஏற்று இறக்குக் கூலி யார் தலையில்? ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நாலு நாள் படுத்துக் கிடந்தால் வாடகையும் இல்லை, உங்கள் சதவீதமும் இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு.

டீசல் கணக்கு இன்னும் மோசம். 280 கிலோமீட்டர் நடைக்கு லிட்டருக்கு நாலரை என்று ஓனர் கணக்குப் போட்டால் 62 லிட்டர் தருவார். வண்டி உண்மையில் நாலுதான் தருகிறது என்றால் 70 லிட்டர் குடிக்கும். அந்த 8 லிட்டர் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். இன்ஜெக்டர் தேய்ந்திருந்தாலும் டயரில் காற்று குறைந்தாலும் மைலேஜ் விழும். அதற்கெல்லாம் டிரைவரா பொறுப்பு?

இந்த 8 லிட்டரை மிச்சம் பிடிக்கத்தான் இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் வருகிறது. வடக்கேயிருந்து திரும்பும்போது தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழு பாரமும் பிரேக் லைனிங் மேல் விழுந்து சூடேறி, கடைசி வளைவில் மிதித்தால் நிற்காது. இத்தனைக்கும் இதில் மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜின்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும்.

ஓவர்லோடும் சதவீதக் கணக்கோடு சேர்ந்தே வரும். 10 வீல் வண்டிக்குச் சரக்கோடு சேர்த்து உச்சபட்சம் 28.5 டன். மீறினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூடினால் 26,000. சட்டப்படி வண்டியை ஓட்டியவர் மீதும் வழக்கு வரும். எடை மேடைச் சீட்டு கையில் வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டிரெய்லர் கெட்ட வேலையல்ல, புதுக் கைக்கு உகந்ததல்ல. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். காலி டிரெய்லரில் மழை நாளில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்பக்கம் சுழன்று கேபினை இடிக்க வரும். பின்னாளில் போனால், துறைமுக வரிசையில் காத்துக் கிடக்கும் நாளுக்கு ஹால்டிங் பேட்டா உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பார்சல் வண்டியில் தினமும் அதே ரோடு, சரக்கு ஏற்றி இறக்கும் அதே செட் (கொட்டகை). பக்கத்தில் பழைய ஆள் இருப்பார். 460 கிலோமீட்டரில் பெரம்பலூர் தாண்டி கை மாற்றலாம். ஒரு குறை: எல்லாம் ராத்திரி ஓட்டம், விடிவதற்குள் சேர்க்கும் நெருக்கடி. இரண்டு டிரைவர் என்று சொல்லிவிட்டு ஒருவரையே அனுப்புகிறார்களா என்பதை செட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கும் டிரைவர்களிடம் கேளுங்கள். ஓனரிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: வேலைக்குச் சேர ஒரிஜினல் லைசென்ஸைக் கேட்கிறார்கள். முன்பணமும் தருகிறார்களாம். வாங்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். முன்பணம் வாங்கினால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். வெற்றுத் தாளிலோ செக்கிலோ கையெழுத்து வேண்டாம். டயர் வெடித்தாலும் சரக்கு குறைந்தாலும் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதையும் அப்போதே பேசுங்கள்.

வண்டி நம்பரை எம்-பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் போட்டால் எப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரியும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். பெர்மிட் இல்லாத வண்டிக்கு அபராதம் 10,000. இன்சூரன்ஸில் ஒன்று கவனியுங்கள்: பாலிசியில் உள்ள 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஓனருக்கானது, சம்பள டிரைவருக்கு அல்ல. டிரைவர், கிளீனருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்று பாலிசியிலேயே பாருங்கள்.

ஒரு சுலபமான சோதனை. பிரேக்குக்கான ஏர் டேங்கில் நிறைந்ததும் இன்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் ஏர் மீட்டரைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது கிங்பின் (முன் சக்கரம் திரும்ப உதவும் முளை) கோளாறு. நிற்கிற நாலு வண்டியிலும் இப்படியென்றால் அந்தக் கம்பெனியில் பராமரிப்பே கிடையாது.

கேள்வி: கேஸ் டேங்கர் ஓட்ட இந்த லைசென்ஸே போதுமா?
– சாத்தூர் வாசகர்

பதில்: போதாது. அபாயகரமான சரக்குக்கு மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு செய்ய வேண்டும். சாதாரண சரக்கு லைசென்ஸ் 5 வருஷம் செல்லும் என்றால் இது 3 வருஷம்தான். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு நாள் வகுப்பு உண்டு.