வயல்வெளி கேள்வி–பதில்: பருத்தி இழை ஏன் கலந்து வருகிறது?

கேள்வி: கலப்பினப் பருத்தி முதல் போகத்தில் நல்ல நீள இழை தந்தது. அதே செடியில் எடுத்த விதையைப் போட்டேன். இப்போது குட்டையும் நெட்டையுமாகக் கலந்து வருகிறது, நூற்கும்போது அறுகிறது. மண்ணில் குறையா? (மருதமுனை வாசகர்)

பதில்: மண்ணில் இல்லை, விதையில்தான். கலப்பின வீரியம், அதாவது இரண்டு வகையைக் கலப்பதால் வரும் கூடுதல் வளர்ச்சி, முதல் தலைமுறையோடு சரி. அடுத்த தலைமுறையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். தாயின் குணமும் தகப்பனின் குணமும் செடிக்குச் செடி பிரிந்து நிற்கும். இழை ஒரே நீளமாக வராதது அதனால்தான். அந்தப் பஞ்சை மெத்தைக்குப் போடலாம், தறிக்கு ஆகாது.

வீரியம் கூட்டுவது பெரும்பாலும் காயின் எண்ணிக்கையையும் எடையையும். இழை நீளம் பெற்றோரைப் பொறுத்தது. 1970இல் இந்தியாவின் சூரத்தில் வந்த எச்-4 என்ற கலப்பினத்தில் இரு பெற்றோரும் அமெரிக்கப் பருத்தி. 1972இல் அங்கேயே தார்வாரில் வந்த வரலட்சுமி என்ற கலப்பினத்தில் தகப்பன் எகிப்தியப் பருத்தியின் இனம். அதனால்தான் மெல்லிய நீள இழை.

கேள்வி: கலப்பு விதையை நாமே செய்யலாமா? (வெல்லாவெளி வாசகி)

பதில்: செய்யலாம், பொறுமை வேண்டும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு, மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தாய்ச்செடியில் தேருங்கள். அடியில் பெருவிரல் நகத்தைச் செருகி, இதழையும் மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கும் குழாயையும் வளையமாகக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பிஞ்சில் நகம் பட்டால் உதிரும். ஒரு மகரந்தப் பை மிஞ்சினாலும் தன்விதை கலக்கும். கடதாசிப் பையால் மூடுங்கள். தகப்பன் செடியின் மொட்டையும் அன்றே மூடாவிட்டால் தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும்.

மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள் பூவின் நடுவே நீண்டிருக்கும் சூல்முடியைச் சுற்றி மகரந்தத்தைத் தேயுங்கள். ஒரு தகப்பன் பூ 4 பூவுக்குப் போதும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் காய் கோணலாகும். செய்த பூவின் காம்பில் நூல் கட்டுங்கள், மற்றப் பூக்களைக் கிள்ளிவிடுங்கள்.

நம் கிழக்கிலங்கையில் ஐப்பசியில் விதைத்தால் மார்கழி மழையில் பூக்கும். நனைந்த மகரந்தம் வெடித்துப் போகும் என்பதால் அந்தப் பூக்களை விட்டு, தையில் வருவதில் செய்யுங்கள். பூத்த முதல் 25 நாளில்தான் இழை நீள்கிறது, அப்போது நீர் குறையக்கூடாது. பங்குனி வெயிலில் காய் வெடிக்கும்.

ஏக்கருக்கு ஏறத்தாழ 1 கிலோ விதை தேவை, அதாவது 10,000 விதை வரை. காய்க்கு 20 விதை பிடித்தாலும் 500 காய் வேண்டும். செய்ததில் பாதி உதிரும். 10 பேர்ச்சுக்கு முயலுங்கள், ஏக்கர் கணக்கென்றால் விதையை வாங்குவதே மேல்.

கேள்வி: நாட்டுப் பருத்தியைத் தகப்பனாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் 26 குரோமோசோம் (குணங்களைக் கடத்தும் நுண்ணிழை), அமெரிக்கப் பருத்தியில் 52. எண்ணிக்கை பொருந்தாததால் காய் பிடிப்பதே அரிது. தப்பி முளைத்த செடியும் மலடாகத்தான் இருக்கும்.