அரேக்கோ ஆற்றங்கரையில் அவசரமில்லாத ஓர் ஊர்

அர்ஜென்டினாவுக்குச் செல்லவிருக்கும் வாசகர்கள் சிலர், தலைநகரோடு திரும்பிவிடாமல் அந்நாட்டின் நாட்டுப்புறத்தையும் பார்க்க விரும்பி எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வேலை பார்க்கும் பியூனஸ் அயர்ஸ் நகரில் நானும் கணவரும் சில வாரங்கள் தங்கப்போகிறோம். பெருநகரங்களில் எங்களுக்கு மனம் ஒட்டுவதில்லை. அதிக அலைச்சல் இல்லாமல் போய்வரக்கூடிய அமைதியான கிராமப்புற ஊர் ஒன்றைச் சொல்வீர்களா?

பதில்: உங்களுக்குப் பொருத்தமான ஊர் சான் அந்தோனியோ தெ அரேக்கோ. தலைநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், பாம்பாஸ் என்னும் பரந்த புல்வெளிச் சமவெளியில், அரேக்கோ ஆற்றின் கரையில் இருக்கிறது. பியூனஸ் அயர்ஸின் ரெத்திரோ பேருந்து நிலையத்தில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 1730இல் பதுவைப் புனித அந்தோனியாரின் பெயரால் எழுந்த சிற்றாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால், கோவிலும் அதன் எதிரிலுள்ள சதுக்கமும்தான் இன்றும் ஊரின் நடுநாயகம். அங்கிருந்து எந்தத் தெருவில் நடந்தாலும், சன்னலுக்கு இரும்புக் கம்பி வைத்த தாழ்வான வீடுகளையும், தெருமுனையில் கதவு திறந்திருக்கும் பழைய மதுக்கூடங்களையும் பார்த்துக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்துவிடுவீர்கள். அங்கே 1857இல் கட்டிய பழைய பாலம் நிற்கிறது. ஒரு காலத்தில் சுங்கம் வசூலித்த அந்தப் பாலத்தை இன்று மக்கள் காலார நடந்து கடக்கிறார்கள். ஊர் முழுவதும் சமதளம். ஏற்ற இறக்கமே கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களும் அஞ்சாமல் நடக்கலாம்.

கேள்வி: காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா? சுற்றுலா நிறுவனங்கள் ஒருநாள் பயணமாகத்தானே அழைத்துப் போகின்றன?

பதில்: போதாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒருநாள் பயணங்கள் பெரும்பாலும் எஸ்தான்சியா எனப்படும் பண்ணைகளுக்குத்தான் அழைத்துச் செல்கின்றன. அங்கே வரவேற்புப் பலகாரம், சிறிது நேரம் குதிரைச் சவாரி, தணலில் வாட்டிய இறைச்சி விருந்து, கிதார் இசை, நாட்டுப்புற ஆட்டம் எல்லாம் முறைப்படி நடக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கும்கூட. ஆனால் ஊரைப் பார்க்க அரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த அரை மணி நேரமும் பிற்பகலில் அமைந்துவிட்டால், ஊரே கதவடைத்து உறங்கும் வேளையில்தான் நீங்கள் தெருவில் நிற்பீர்கள். பகல் 1 மணி வாக்கில் கடைகளை மூடினால் மாலை 4 மணிக்கோ 5 மணிக்கோதான் திறக்கிறார்கள். இது வியாபாரத்தில் அக்கறையின்மை அல்ல. கோடையின் உச்சி வெயிலுக்கும் இரவு 9 மணிக்கு மேல் உண்ணும் வழக்கத்துக்கும் ஏற்ப அமைந்த நாள்முறை. நீங்களும் அந்த வேளையில் ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்தபின் வெளியே வந்தால், சைக்கிளில் திரியும் சிறுவர்களும் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்த முதியவர்களுமாக ஊர் விழித்திருப்பதைக் காண்பீர்கள். வார இறுதியில் தலைநகரவாசிகள் கூட்டமாக வந்து சேருவதால், வாரத்தின் நடுவில் போய் இரண்டு இரவுகள் தங்குங்கள். திங்கட்கிழமையில் மட்டும் உணவகங்கள் சில விடுமுறையாக இருக்கலாம்.

கேள்வி: கவுச்சோக்கள் என்னும் குதிரை வீரர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்கள் இன்றும் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது பயணிகளுக்காக வேடம் கட்டி நிற்கிறார்களா? (கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகளும் குதிரைகளும் பாம்பாஸ் சமவெளியில் காட்டு மந்தைகளாகப் பெருகின. தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் அவற்றைத் துரத்திப் பிடித்து, வேலியில்லாத நிலத்தில் குதிரை மீதே வாழ்ந்தவர்கள்தான் பழைய கவுச்சோக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பி வேலி சமவெளியைத் துண்டு துண்டாக்கியபோது அந்த வாழ்க்கை முடிந்தது. திரிந்தவன் கூலிக்காரன் ஆனான். சுதந்திரமாக வாழ்ந்தபோது கள்வன் என்றும் சோம்பேறி என்றும் அவனை இகழ்ந்த சமூகம், அவன் மறைந்தபின் அவனையே நாட்டின் அடையாளமாகப் போற்றத் தொடங்கியது. அரேக்கோவுக்குப் போகிறவர்கள் இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் தொப்பியும் கத்தியும் மட்டுமே கண்ணில் படும்.

இந்த ஊருக்குப் பெயர் தேடித் தந்தவர் எழுத்தாளர் ரிக்கார்தோ குவிரால்தெஸ். இவ்வூரை அடுத்த குடும்பப் பண்ணையில் வளர்ந்த அவர், தாம் அறிந்த செகுந்தோ ராமிரெஸ் என்ற கவுச்சோவை முன்மாதிரியாகக் கொண்டு 1926இல் ‘தோன் செகுந்தோ சோம்ப்ரா’ என்னும் நாவலை வெளியிட்டார். மறு ஆண்டே பாரிசில் காலமானார். எழுதியவரும் எழுதப்பட்டவரும் இன்று அரேக்கோவின் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். பழைய பாலத்தைக் கடந்தால் குவிரால்தெஸ் பெயரால் 1938இல் திறக்கப்பட்ட கவுச்சோ அருங்காட்சியகம் வரும். அதன் முதன்மைக் கட்டடம் பழைய பண்ணை வீட்டின் சாயலில் புதிதாகக் கட்டியதுதான். ஆனால் வளாகத்தில் உள்ள லா பிளாங்கேயாதா என்னும் சாலையோரக் கடை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நிற்பது. மளிகையும் மதுவும் விற்று, வழிப்போக்கர்களுக்குச் செய்தி மையமாகவும் விளங்கிய அத்தகைய கடைகளைப் புல்பெரியா என்பார்கள். 2009 டிசம்பரில் ஆறு கரைபுரண்டபோது இந்த அருங்காட்சியகம் கடுமையாகச் சேதமடைந்தது. அதைச் சீர்செய்து மீண்டும் திறந்தார்கள்.

இனி, உங்கள் கேள்வியின் மறுபாதி. இன்றும் அரேக்கோவைச் சுற்றி மாடு மேய்ப்பவர்களும் குதிரை பழக்குபவர்களும் அதையே பிழைப்பாகக் கொண்டு வாழ்கிறார்கள். மேய்ச்சல் நிலங்களில் பல சோயா வயல்களாக மாறிவிட்டாலும், போலோ ஆட்டத்துக்கான குதிரை வளர்ப்பும் இப்பகுதியில் வலுவாக இருப்பதால் குதிரையறிவு அற்றுப்போகவில்லை. அதை நேரில் காண நவம்பர் மாதமே ஏற்றது. கவுச்சோவைப் பாடிய கவிஞர் ஹோசே எர்னாந்தெஸ் பிறந்த நவம்பர் 10ஆம் நாள் அர்ஜென்டினாவில் மரபு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி அரேக்கோவில் நடக்கும் விழாவில் குதிரைகள் தெருத்தெருவாக அணிவகுத்து வரும். வளைவிலிருந்து தொங்கும் சிறு மோதிரத்தை, பாய்ந்தோடும் குதிரையின் அங்கவடியில் எழுந்து நின்று குச்சியால் கோத்தெடுக்கும் போட்டியும் உண்டு.

ஆனால் எங்களைக் கேட்டால், தவறவிடக்கூடாதது மந்தைகளைக் கலந்து பிரிக்கும் காட்சி என்போம். ஒவ்வொரு மந்தையும் கழுத்தில் மணி கட்டிய தன் தாய்க்குதிரையைப் பின்தொடரப் பழக்கப்பட்டிருக்கும். பல மந்தைகளை ஒரே திடலில் விட்டு ஒன்றோடொன்று கலக்கிவிடுவார்கள். புழுதியில் எது எவருடையது என்றே தெரியாது. பிறகு ஒவ்வொரு உரிமையாளரும் தம் தாய்க்குதிரையை நடத்திக்கொண்டு போக, அந்தந்த மணியோசையைத் தேடி குதிரைகள் தாமாகவே விலகிச் சென்று தம் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கியவர்களால்தான் இதைச் செய்ய முடியும். இதை வேடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: அங்கே வெள்ளி வேலைப்பாடு புகழ்பெற்றது என்கிறார்களே. நினைவுப் பொருளாக என்ன வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன் பட்டறைகளைப் பாருங்கள். இந்த ஊரில் வெள்ளிக் கலைக்குப் புத்துயிர் ஊட்டியவர் ஹுவான் ஹோசே திராகி. அவர் குடும்பத்தினரின் பட்டறையும் காட்சிக்கூடமும் பார்வையாளர்களை வரவேற்கின்றன. வேறு கைவினைஞர்களும் தெருவைப் பார்த்தவாறே வேலை செய்கிறார்கள். வெள்ளித் தகட்டைக் கெட்டியான கீல் போன்ற பசையின் மீது பதித்து, சிற்றுளியையும் சிறு சுத்தியலையும் கொண்டு தட்டித் தட்டி இலையும் கொடியும் எழுப்புகிறார்கள். ஓர் உளி கோடு இழுக்கும். இன்னொன்று பின்னணியைத் தாழ்த்தும். மற்றொன்று புள்ளி வைக்கும். இப்படி உருவானவைதான் கவுச்சோ இடுப்பின் பின்புறம் செருகும் நீண்ட கத்தியின் உறை, நாணயங்கள் கோத்த இடைவார்ப் பூட்டு, அங்கவடி, தார்முள் எல்லாம். வீடு வாசல் இல்லாதவன் தன் செல்வத்தை உடலிலும் குதிரையிலும் சுமந்தான் என்பதே இத்தனை ஆடம்பரத்துக்கும் காரணம்.

விலை மலிவாக, வெள்ளி போலவே பளபளக்கும் பொருள்கள் கடைகளில் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் அல்பாக்கா என்னும் கலப்பு உலோகத்தால் ஆனவை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கலவையில் வெள்ளி துளியும் கிடையாது. நேர்மையான கடைக்காரர் கேட்டவுடன் சொல்லிவிடுவார். ஆகவே கூசாமல் கேளுங்கள். எங்கள் விருப்பம் வேறு: பதப்படுத்தாத பச்சைத்தோலை மெல்லிய நூல்களாகச் சீவிப் பின்னும் கலைஞர்களிடம் ஒரு சாவிக்கொத்தோ இடைவாரோ வாங்குங்கள். வெள்ளிக்குக் கிடைக்கும் புகழ் இந்தத் தோல் பின்னலுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது. கத்தி வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல், சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். மாட்டிறைச்சி நாட்டில் என்ன சாப்பிடுவது?

பதில்: பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் பலர் மாட்டிறைச்சியைத்தான் நினைப்பார்கள். பன்றித் துண்டுகளோ கோழியோ தட்டில் வந்துவிடலாம். அவற்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். சோளமும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடித்த எம்பனாதா என்னும் பலகாரம் கிடைக்கும். எனினும் அதன் மேல்மாவில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் பரவலாக உண்டு. காலை உணவுக்கு வைக்கும் பிறை வடிவ ரொட்டியிலும் கொழுப்பு சேர்த்த வகை ஒன்று இருக்கிறது. வெண்ணெயில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். இத்தாலியக் குடியேறிகளின் கொடையாகப் பாஸ்தா வகைகள் எங்கும் உண்டு. ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாளில் உருளைக்கிழங்கு மாவில் சிறு உருண்டைகளாகச் செய்யும் நியோக்கி உண்பது நாடு முழுவதும் உள்ள பழக்கம். அன்று அங்கே இருந்தால் இறைச்சி சேராத தக்காளிக் குழம்போடு சாப்பிட்டுப் பாருங்கள். தணலில் உருக்கிய பாலாடைக்கட்டியும் அருமையாக இருக்கும். பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சிய துல்சே தெ லெச்சே, நம் பால்கோவாவை விரும்புகிறவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

கேள்வி: ஒரே குழலில் எல்லாரும் மாத்தே பானத்தை உறிஞ்சுவார்களாமே. எச்சில் பார்த்து வளர்ந்த எங்களால் அது முடியுமா? மறுத்தால் கோபித்துக்கொள்வார்களா?

பதில்: கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புன்னகையோடு மறுத்தால் போதும். பெருந்தொற்றுக்குப் பிறகு தனித்தனிக் குடுவை வைத்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வதென்றால் சில ஒழுங்குகளை அறிந்துகொள்ளுங்கள். சுரைக்குடுவையில் இலைத்தூளை இட்டு, கொதிநிலைக்குக் கீழே சூடாக்கிய நீரை ஊற்றித் தருபவர் ஒருவரே. முதல் கசப்பை அவரே குடித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் முறையே நிரப்பித் தருவார். உங்கள் முறை வந்தால் முழுவதையும் குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். குழலைக் கிளறக் கூடாது. போதும் என்னும்போது மட்டும் நன்றி சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மற்றபடி, கடைக்குள் நுழையும்போதும் தெருவில் எதிர்ப்படும்போதும் வணக்கம் சொல்வது அங்கே அடிப்படை மரியாதை. ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளுக்குப் போனால், வாயிலைத் திறந்துகொண்டு உள்ளே நடக்காதீர்கள். வேலிக்கு வெளியே நின்று கைதட்டினால், வீட்டார் வந்து அழைப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் வேலிக் கம்பத்தின் உச்சியைக் கவனியுங்கள். அர்ஜென்டினாவின் தேசியப் பறவையான ஓர்னேரோ மண்ணால் கட்டிய, அடுப்பு வடிவக் கூடு அங்கே இருக்கக்கூடும்.

கேள்வி: எந்த மாதத்தில் போகலாம்? முன்னேற்பாடு ஏதேனும் உண்டா?

பதில்: பருவங்கள் அங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். மார்ச் முதல் மே வரையோ செப்டம்பர் முதல் நவம்பர் வரையோ போவது உடலுக்கு இதம். விழா நாள்களில் தங்குமிடம் கிடைப்பது அரிது என்பதால், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு கடைகளில் அட்டை செல்லுபடியாகாமல் போகலாம். பெசோ நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் மறக்கும் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அரேக்கோவில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லையென்றாலும், வடகிழக்கு மாகாணங்களை முன்னிட்டு அர்ஜென்டினா அந்நோய் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. அத்தகைய நாடுகளிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையங்களில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்கவும் கூடும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் ஊசி போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவைப்படுவதால், முதலில் எழுதியிருந்த ஆசிரியை போன்றவர்கள் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.