காசும் போய்ப் பசியும் போகாமல்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சரக்கைப் பற்றியவை: வெளியூர் போன இடத்தில் பணம் கட்டிச் சேரும் உணவு நடை. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு கூட்டம், கடைக்குக் கடை ஒரு வாய். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வாழ்த்துகளையும் வசவுகளையும் வெட்டிவிட்டேன்.

கேள்வி: நல்ல கடைகளின் பெயர் கைப்பேசியில் தட்டினாலே வந்துவிடுகிறது. பிறகு எதற்கு ஒரு ஆளுக்குக் காசு?

பதில்: ஒரு வாரம் தங்குகிறீர்கள், அந்த ஊர் மொழி தெரியும், வரிசையில் நிற்கப் பொறுமை உண்டு என்றால் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் கொடுப்பது சாப்பாட்டுக்கான விலை அல்ல. கடைக்காரரோடு பழக்கம் உள்ள ஒருவர், எதை எப்படிக் கேட்டு வாங்குவது, எந்த நேரத்தில் எது அடுப்பிலிருந்து சூடாக இறங்கும் என்று அறிந்தவர், உடன் வருவதற்கான விலை. அதனால் ஊர் போய்ச் சேர்ந்த முதல் நாளே போய்விடுங்கள். கிளம்பும் நாள் மாலையில் போய்விட்டு, "இந்தக் கடை முன்பே தெரியாமல் போயிற்றே" என்று எனக்கு எழுதுகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: "10 சுவைகள்" என்று போட்டிருந்தார்கள். கூட்டிப் போனது நான்கு கடைக்கு. ஒரே பண்டத்தை மூன்று நிறத்தில் வெட்டிக் கொடுத்து மூன்று சுவை என்று கணக்கு வைத்தார் வழிகாட்டி. பசி தாங்காமல், முடிந்ததும் எதிர்க்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புகார் சொன்னதற்கு, "சுவைதான் சொன்னோம், வயிறு நிறையும் என்று எங்கே சொன்னோம்?" என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தத் துண்டுகளை நானும் பார்த்திருக்கிறேன்: பல்குச்சியில் குத்திய, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டு, ஒன்பது பேருக்கு ஒரு தட்டு, கடைசி ஆள் கை நீட்டும்போது தட்டில் குச்சி மட்டும்தான்.

விளம்பரப் பக்கத்தை அவர்கள் திருத்துவதற்குள் படம் பிடித்து வையுங்கள். எந்தக் கடையில் என்ன கொடுத்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். நடத்தியவருக்கு எழுதியதோடு நிற்காமல், முன்பதிவு செய்த இணையதளத்துக்கும் எழுதுங்கள். இத்தகைய தளங்கள் கட்டணத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை தரகாக எடுத்துக்கொள்வது வழக்கம். லாபத்தில் பங்கு கேட்கிறவருக்குப் பொறுப்பிலும் பங்கு உண்டு. முழுப் பணத்தையும் கேட்டால் இழுத்தடிப்பார்கள். கொடுக்காததற்கான பங்கைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகவும் மறுப்புத் தெரிவிக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதுபோன்ற புகார்களுக்குப் பொதுவான உச்ச வரம்பு 120 நாள். உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம், எனவே ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: இதற்கென்று தனியாக நடைக் காலணி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழகிய காலணியே போதும்.

கேள்வி: "இலவச உணவு நடை" ஒன்றில் சேர்ந்தோம். முடிவில் எல்லோரும் நோட்டை நீட்டினார்கள். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வழிகாட்டியின் முகம் கறுத்துவிட்டது. இலவசம் என்றால் இலவசம்தானே?

பதில்: நெடுநாளாக இதைப் பற்றி எழுதக் காத்திருந்தேன், உட்கார்ந்து படியுங்கள்.

இந்த வகை நடையில் வழிகாட்டிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அது மட்டுமல்ல, பல நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று வழிகாட்டியிடமிருந்தே வசூலிக்கின்றன. தொடக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்திருப்பாரே, அதை ஞாபகார்த்தம் என்று நினைத்திருப்பீர்கள். பல இடங்களில் அது நிறுவனத்துக்கு அனுப்பும் தலைக்கணக்கு. நீங்கள் வெறும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தால், உங்கள் தலைக்கான தொகை அந்த மனிதரின் சட்டைப்பையிலிருந்து போகும். முகம் கறுக்காமல் வேறு என்ன செய்யும்?

என் கோபம் உங்கள் மேல் அல்ல. கொட்டை எழுத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கும் நிறுவனத்தின் மேல். இலவசம் என்பது நடப்பதற்குத்தான். தின்பதற்கு அந்தந்தக் கடையில் நீங்களே கொடுக்க வேண்டும். அதோடு வழிகாட்டிக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பாருங்கள், வெளிப்படையாக விலை போட்ட சிறு குழு நடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சம்பளம் இல்லாத வழிகாட்டிக்கு ஆள் சேரச் சேரத்தான் வருமானம். ஆகவே முப்பது பேர் சேருவார்கள். நான்கு பேர் நிற்கும் கடைக்குள் முப்பது பேர் எப்படி நுழைவது? பின்வரிசைக்குப் பேச்சும் கேட்காது, வாசனையும் எட்டாது. குறைகிற காசை ஈடுகட்ட, தரகு தரும் கடையாகப் பார்த்து அவர் அழைத்துப் போனாலும் வியப்பில்லை.

சேரும் முன்பு, அதிகபட்சம் எத்தனை பேர், உணவு கட்டணத்துக்குள்ளா வெளியிலா, வழக்கமாக எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். அந்த வழிகாட்டியின் எண் இருந்தால் இப்போதாவது ஏதாவது அனுப்புங்கள்.

கேள்வி: எனக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உண்டு. மூன்றாவது கடையில் சொன்னேன். வழிகாட்டி கையை விரித்துவிட்டார். மீதி எதையும் சாப்பிடவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: மூன்றாவது கடையிலா? முன்பதிவுப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்திருக்குமே, அதில் என்ன எழுதினீர்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிட்டு, உணவு விற்பவர் அவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. அங்கேயும் தள்ளுவண்டிக்காரரின் எண்ணெய்ச் சட்டியில் முன்பு என்ன பொரிந்தது என்று சட்டம் வந்து எட்டிப்பார்க்காது. ஒரே கரண்டி, ஒரே பலகை, ஒரே எண்ணெய். பணம் கட்டும் முன்பே எழுதிக் கேட்டு, "முடியும்" என்ற பதிலை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அந்த ஊர் மொழியில் ஒவ்வாமையை எழுதிய அட்டையும், மருத்துவர் கொடுத்த அவசர மருந்தும் பையில் இருக்க வேண்டும். வழக்கு வேண்டாம். உயிரோடு எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிது.

கேள்வி: பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டலாம்" என்று வந்தது. வசதியாக இருக்கிறதே என்று அழுத்தினேன். கூடுதலாகப் போயிருக்கிறது.

பதில்: மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அதில் தங்கள் லாபத்தையும் சேர்த்தே வைப்பார்கள். அடுத்த முறை எந்த ஊரில் வாங்குகிறீர்களோ அந்த ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஐந்துக்கு 4.9 நட்சத்திரம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் அல்லவா?

பதில்: நட்சத்திரத்தை நம்பி நான் வாங்கிய சக்கரப் பெட்டியின் கைப்பிடி, ரயில் நிலையப் படிக்கட்டிலேயே கையோடு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தே வாங்குங்கள். நடை முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, "என் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள்" என்று வழிகாட்டி கேட்பார். முகத்துக்கு நேரே யார் குறைத்துப் போடுவார்? மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். திட்டும் நோக்கமும் இல்லாமல், புகழும் கட்டாயமும் இல்லாமல் எழுதுகிறவர்கள் அவர்கள்தாம். வாடிக்கையாளர் எடுத்த படங்களில் தட்டின் அளவைப் பாருங்கள்.

கேள்வி: தெருக்கடையில் சாப்பிட்டால் வயிறு கெடுமே என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: பயம் நியாயமானதுதான், தெரு மேல் மட்டும் பழி போடுவதுதான் சரியில்லை. கண்ணாடி அலமாரி உணவகத்திலும் காலையில் சமைத்தது மாலைவரை உட்கார்ந்திருக்கும். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கண்ணெதிரே கொதிப்பதை வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே வெட்டிவைத்த பழத்தையும் பனிக்கட்டியையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நடுவில் முக்கால் மணி நேரம் ஒரு நினைவுப்பொருள் கடையில் உட்காரவைத்துவிட்டார்கள். இது பட்டியலில் இல்லை.

பதில்: அது ஏமாற்றுதான். நேரத்தைக் குறித்துப் புகார் எழுதுங்கள். அப்படி ஒரு கடையில், எல்லோரும் வாங்குகிறார்களே என்று ஒரு எண்ணெய்ப் பாட்டிலை நானும் வாங்கினேன். மூடி சரியில்லை. பெட்டியில் இருந்த சட்டைகள் முழுவதும் குடித்தன.

கேள்வி: இருபது நிமிடம் தாமதம். கூட்டம் போய்விட்டது. பணம்?

பதில்: அதுவும் கூடவே போய்விட்டது.

கேள்வி: பிடிக்காவிட்டால் பாதியில் கழன்றுகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அடுத்த கடையில் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, எட்டுப் பேரை வாசலில் நிறுத்திக்கொண்டு அவர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.