பத்து ஷில்லிங் விலையில் ஒரு குழந்தை

கேள்வி: கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளின் பாடத்தில், ஏழைக் குழந்தைகளைச் சமைத்துத் தின்னலாம் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய கட்டுரை இருக்கிறது. கேட்டால் அங்கதம் என்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இதையெல்லாம் பாடமாக வைக்கலாமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: சிரிக்க ஒன்றுமில்லை. அங்கதம் என்றால் சிரிப்பு மூட்டியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? தொல்காப்பியர் செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். வசையை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். ஸ்விஃப்ட் இரண்டையும் செய்தார், இதே வரிசையில்.

டப்ளின் பேராலயம் ஒன்றில் டீன் பதவி வகித்த பாதிரியார் அவர். இங்கிலாந்தின் பிடியில் இருந்த அயர்லாந்து மக்கள் தங்கள் நாட்டுத் துணியையே உடுத்த வேண்டும் என்று 1720-இல் நேரடியாக எழுதினார். அச்சிட்டவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். நிலவுடைமையாளர்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்துக் குத்தகைப் பணத்தைத் தின்றார்கள். 1720களின் கடைசியில் விளைச்சலும் பொய்த்தது. தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவில் பிச்சை எடுத்தார்கள். அப்போது, 1729-இல், எழுதியதுதான் உங்கள் மகளின் பாடம்.

அதில் பேசுவதற்கென்றே ஸ்விஃப்ட் ஓர் ஆளைப் படைத்திருக்கிறார்: நாட்டு நலனுக்காகக் கணக்குப் போடும் கனவான். ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன. 20,000 பேரை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டு, மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதில் விற்றுவிடலாம். வளர்க்கும் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு லாபம் 8 ஷில்லிங். குரலில் பதற்றமே இல்லை. மனிதர்களைத் தலைக்கணக்காக எண்ணிய அன்றைய பொருளாதாரப் பிரசுரங்களின் குரல் அது. தலையாட்டிக்கொண்டே வந்த வாசகனுக்கு நடுவழியில் வயிற்றைப் புரட்டுகிறது. பெற்றோரை ஏற்கெனவே தின்றுவிட்ட நிலவுடைமையாளர்களுக்கே பிள்ளைகள்மீதும் முதல் உரிமை என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். கரந்து வைத்த பழி அங்கே முகம் காட்டிவிடுகிறது.

உங்களுக்கு அருவருப்பு வந்ததே, அவர் வேண்டியது அதைத்தான். அதை அந்த நிலவுடைமையாளர்கள்மீது காட்டாமல், எழுதியவர்மீதே கொட்டிவிட்டீர்கள்.

கட்டுரையின் பின்பகுதியில், வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் என்று அந்தக் கனவான் ஒரு பட்டியலை ஒதுக்கித் தள்ளுவார். வெளியூரில் வாழும் நிலக்காரர்களுக்கு வரி, உள்நாட்டுத் துணி, குத்தகைக்காரர்மீது கொஞ்சமாவது இரக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வழக்கில் மாட்டிவிட்ட யோசனையும் அதில் இருக்கிறது. அந்தப் பத்தியை மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடமாக வைக்கலாமா என்று அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.