டிபென்டென்ட் சோர்ஸ் வந்தால் மட்டும் மெஷ் அனாலிசிஸில் விடை ஏன் தப்பாகவே வருகிறது?

பரீட்சை நெருங்கிவிட்டது, மற்ற கணக்கெல்லாம் வருகிறது, டிபென்டென்ட் சோர்ஸின் (சர்க்யூட்டில் வேறொரு இடத்துக் கரண்டையோ வோல்டேஜையோ பொறுத்து மாறும் சோர்ஸ்) அந்த டைமண்ட் சின்னத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. அதுதானே? இந்தப் பேப்பரில் அரியர் வைத்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

நான் மாட்டிய கணக்கு இது. இடது மெஷ்ஷில், அதாவது மூடிய சுற்றில், 14 வோல்ட், 2 ஓம். நடுவில் ரெண்டு மெஷ்ஷுக்கும் பொதுவாக 4 ஓம்; அதில் கீழே இறங்கும் கரண்ட் ஐஎக்ஸ். வலது மெஷ்ஷில் இன்னொரு 4 ஓம், 2ஐஎக்ஸ் வோல்ட் தரும் டைமண்ட், பிளஸ் மேலே. இடது மெஷ் கரண்ட் ஐ1, வலது ஐ2; ரெண்டும் கடிகாரச் சுற்று.

முதல் இன்டர்னலில் டைமண்டை ஷார்ட் பண்ணிவிட்டேன். சூப்பர்பொசிஷன் (ஒரு சோர்ஸை மட்டும் விட்டு மற்றதை அணைத்து, விடைகளைக் கூட்டும் முறை) போட்டுப் பழகிய கை. இன்டிபென்டென்ட் சோர்ஸை மட்டும்தான் அணைக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன். ரெண்டாவது இன்டர்னலில் ஐஎக்ஸ் = ஐ1 என்று எழுதினேன். 2.8, 0.7 ஆம்பியர் என்று லட்சணமாக விடை வந்தது. திருத்தியவர் பக்கம் முழுக்க ஒரே கோடு. முதல் சமன்பாடு சரிதானே, அதற்கு ஒரு மார்க் போடக்கூடாதா? கேட்கப் போனால், "தமிழ் மீடியமா?" என்றார். கிர்க்காஃப் விதிக்கு மீடியம் உண்டா என்று அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.

எனக்குப் புரிய வைத்தது சேலம் அம்மாபேட்டையில் ஒரு தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவல்) கடை வாசலில் நின்ற சீனியர் அண்ணன். செட் வைத்துக் கொடுத்த காகிதத்தைத் திருப்பி வரைந்தார். "நடுவுல இருக்கற 4 ஓம் ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவரு தம்பி. ஐ1 எறங்குது, ஐ2 ஏறுது. அப்ப ஐஎக்ஸ் எவ்வளவு?" ஐ1 − ஐ2. பீட்ரூட் சாறு ஊறி ஐ2 பாதி சிவந்துபோயிருந்தது. இப்போது சில கடைகளில் செட்டுக்கு மேல் மயோனைஸ் ஊற்றித் தருகிறார்கள். அந்த அநியாயத்தை வேறு பதிலில் வைத்துக்கொள்கிறேன்.

டைமண்டைச் சாதாரண சோர்ஸாகவே பாவித்து எழுதுங்கள்.

6ஐ1 − 4ஐ2 = 14
−4ஐ1 + 8ஐ2 + 2ஐஎக்ஸ் = 0

இதில் ஐஎக்ஸுக்கு ஐ1 − ஐ2 போட்டால் இரண்டாவது, −2ஐ1 + 6ஐ2 = 0. ஐ1 = 3, ஐ2 = 1, ஐஎக்ஸ் = 2 ஆம்பியர். முதலாவதில் ஐ2வுக்கு −4, இரண்டாவதில் ஐ1க்கு −2 என்று நிற்கிறது பாருங்கள், ரெண்டும் ஒன்றாக இல்லை; அதனால்தான் சர்க்யூட்டைப் பார்த்தவுடனே மேட்ரிக்ஸ் எழுதும் குறுக்குவழி இங்கே செல்லாது.

பவரைக் கூட்டிச் சரிபாருங்கள். 14 வோல்ட் கொடுப்பது 42 வாட். ரெசிஸ்டர்கள் 18, 16, 4, டைமண்ட் 4. பெயர்தான் சோர்ஸ், இங்கே அதுவும் வாங்கித்தான் தின்கிறது. என் தப்பு விடையில் நடுவில் நிஜமாக ஓடுவது 2.1 ஆம்பியர், அதை ஐஎக்ஸாக வைத்துக் கூட்டினால் 39.2 வாட்டுக்கு 38.22தான் தேறும்.

டைமண்டுக்குள் அம்புக்குறி இருந்தால் கரண்ட் சோர்ஸ்; அது பொதுச் சுவரில் நின்றால் சூப்பர்மெஷ், அதாவது ரெண்டு மெஷ்ஷையும் சேர்த்து ஒரே சுற்றாக எழுதுவது. அங்கேயும் ஐஎக்ஸை இதே மாதிரிதான் பிடிக்க வேண்டும்.

"நோடலில் ஒரே சமன்பாடு, எதற்கு இந்தச் சுற்று" என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். நோடல் என்றால் சந்திப்புப் புள்ளியின் வோல்டேஜை வைத்துப் போடும் முறை. என் பக்கத்து பெஞ்சுக்காரன் அப்படித்தான் நாலு வரியில் 8 வோல்ட் என்று போட்டுவிட்டு வெளியே போனான். கேள்வியில் 'மெஷ் முறையில்' என்று இருந்தது. அவனுக்கும் ஒரே கோடுதான்.