ஏழு மாதக் குழந்தை அப்பாவிடம் வர மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து தேனிக்குப் போன மனைவி, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபிறகுதான் திருப்பூர் வந்தார். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குக் கிளம்பினால் நான் வீடு திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். தூக்கினாலே உதட்டைப் பிதுக்கி அழுகிறாள், அம்மாவிடம் கொடுத்தால் உடனே அமைதியாகிவிடுகிறாள். "பேச ஆரம்பிச்சா தானா வருவா, ஆம்பளைக்கு இப்ப என்ன வேலை" என்கிறார் என் அம்மா. அடுத்த மாதம் மறுபடி இரண்டு வாரம் ஊருக்குப் போகிறார்கள். என்னோடு ஒட்டாமலே போய்விடுவாளா?

பதில்: மாட்டாள். ஆனால் இந்த அழுகைக்குப் பயந்து நீங்கள் விலகிவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

ஆறு, ஏழு மாதத்தில் குழந்தைகளுக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, பழகிய முகம் எது, பழகாத முகம் எது என்று பிரித்துப் பார்த்து அழும். மூளை ஒழுங்காக வளர்கிறது என்பதற்கு அது அடையாளம். அம்மாவும் பாட்டியும் முதல் ஐந்து மாதமும் கூடவே இருந்திருக்கிறார்கள், நீங்கள் பழக ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதுவும் அவள் தூங்கி வழிகிற நேரத்தில். உங்களைப் பிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமே இல்லை.

"எனக்கு நேரமே இல்லையே" என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்கு அறுபது வருடத்துக்கு முன்பே ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 60 குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பல மாதங்கள் கவனித்து, 1964-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்கள், பகல் முழுக்க அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அப்படியும் ஒன்றரை வயதில் நான்கில் மூன்று குழந்தைகள் அப்பாவோடும் உறுதியான பிணைப்பு கொண்டிருந்தன. யார் பால் கொடுத்தார், யார் அதிக நேரம் கூட இருந்தார் என்பதை வைத்து அந்தப் பிணைப்பு வரவில்லை. குழந்தை முனகினால், கை நீட்டினால், கண்ணைப் பார்த்தால் யார் சட்டென்று பதில் கொடுத்தார், யார் கூட விளையாடினார் என்பதை வைத்து வந்தது.

உங்கள் அம்மாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அப்பாவான பிறகு ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் கணிசமாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. குழந்தை வளர்ப்புக்கு ஆண் உடம்பும் தயாராகத்தான் செய்கிறது, அதற்குக் குழந்தை பேசும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, இனி வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இரவு வந்ததும் ஆசையில் நேராகப் போய்த் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதை நிறுத்துங்கள். கை கால் கழுவிவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவள் அம்மா மடியில் இருக்கும்போதே ஓர் எட்டுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். அவளையே உற்றுப் பார்க்க வேண்டாம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து ஸ்பூனால் மெதுவாகத் தட்டுங்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், நிறுத்துங்கள். "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு அவளுக்கு இடம் விடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், தொடராதீர்கள். சில நாளில் அவளே ஸ்பூனுக்குக் கை நீட்டுவாள், அப்புறம் உங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்வாள். தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, தினமும் செய்கிற ஒரு வேலையை முழுசாக உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்துக்குக் காலைதான் சரி. தூளியிலிருந்து எடுப்பது, டயப்பர் மாற்றுவது, துடைத்துச் சட்டை போடுவது, ராகிக் கூழ் ஊட்டுவது, இந்த அரை மணி நேரம் உங்களுடையது. அந்த நேரத்தில் மனைவி குளிக்கப் போகட்டும், பாட்டி மாடியில் துணி காயப்போடட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "அப்படிப் பிடிக்காதீங்க, தலை சாயுது" என்று நாலு தடவை கேட்டதும் பெரும்பாலான அப்பாக்கள் குழந்தையை நீட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், அப்பா எப்படிச் சமாதானம் செய்வார் என்று தெரிந்துகொள்ளக் குழந்தைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அழுதால் தோளில் போட்டு நடங்கள், தட்டிக்கொடுங்கள், பாடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்காமல் வீறிட்டால், முகம் சுளிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுநாள் திரும்ப முயலுங்கள். தூக்கம் வந்தாலோ காய்ச்சல் என்றாலோ அவள் அம்மாவைத்தான் தேடுவாள். ஒன்றரை வயதுவரைக்கும் அது சகஜம், அதில் போட்டி போடாதீர்கள்.

விளையாட்டு என்றால் மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதுதான் நிறையப் பேருக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம், இந்த வயதில் கழுத்து அந்த அளவுக்குப் பலப்பட்டிருக்காது. கோபத்திலோ அழுகையை நிறுத்தவோ குலுக்குவது அதைவிட ஆபத்து, மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். பொறுமை போகிறது என்று தோன்றினால் குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். புது அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வருகிறது, பத்தில் ஒருவருக்கு என்ற அளவில். எரிச்சலும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தை உங்களிடம் மட்டும் இல்லாமல் யார் முகத்தையுமே பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை, சத்தத்துக்குத் திரும்புவதில்லை என்றால் அது வேறு விஷயம், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேனிப் பயணத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிவி, போன் திரை வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு தருகிறது. காலையில் நீங்கள் கூழ் ஊட்டுகிற அதே நேரத்துக்குக் கூப்பிட்டு, அதே கிண்ணத்தைத் தட்டி, அதே பாட்டைப் பாடுங்கள், ஐந்து நிமிடம் போதும். முடிந்தால் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் ஓரிரு நாள் மறுபடி தள்ளி உட்கார வேண்டியிருக்கும், ஆனால் இந்தத் தடவை அவ்வளவு நாள் எடுக்காது.